பூஜ்யமாவது எண்

மாலை ஆறு மணிக்குக் கணினி தானாகவே வீடுகளை அழைக்கத் தொடங்கும். ஒரு வீட்டுக்கு நாற்பது விநாடி. மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். எல்லாம் தனியாக இருக்கும் வயசாளிகளின் வீடுகள். பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், மலேசியாவில் இருந்தார்கள்.

உப்பூருக்கு மேற்கே, மூடிப்போன ரேஷன் கடைக் கட்டடத்தில் எங்கள் தகவல் மையம் இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. அந்த முப்பத்தெட்டு வீடுகளுக்கும் கம்பியில்லாத போன் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கறுப்பாக, தலையில் ஒரு குச்சியோடு இருக்கும். நான் இயற்பியல் படித்தவள். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். கணினியும் மோடமும் என் பொறுப்பு. குரல் பூமயிலுடையது.

பூமயில் அந்த ஊர்க்காரி. வயது இருபத்துநான்கு. ஒவ்வொருவரையும் என்ன முறை வைத்து அழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டுப் பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்தாள்.

"சோணையம்மா அப்பத்தா, நான் பூமயிலு பேசுறேன். சாப்புட்டாச்சா? சாப்புட்டிருந்தா ஒண்ணை அமுக்குங்க. ஒடம்புக்கு முடியலைன்னா ரெண்டை அமுக்குங்க. நாளைக்குப் பேசுறேன்."

போனை எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்துக் கணினி மறுபடி அழைக்கும். இரண்டு முறையும் எடுக்காவிட்டால் திரையில் சிவப்புக் கோடு விழும். களப்பணியாளர் வேல்சாமி அண்ணன் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவார். அந்த ஆடியில் ஒரு பெரியவர் மாட்டுக் கொட்டகையில் இடுப்பு முறிந்து கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

அது பதிவு செய்த குரல் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பதில் சொல்வார்கள். மோடத்தின் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தால் எங்களுக்குக் கேட்கும். "என்னத்தச் சாப்பாடு, பழைய கஞ்சிதேன்" என்பார் ஒருவர். "நாளைக்குப் பேசுறேன், நாளைக்குப் பேசுறேன்னு தெனமும் சொல்றா, இன்னைக்குப் பேச மாட்டேங்கிறாளே" என்பார் இன்னொருவர். பூமயில் மேஜையில் தலை வைத்துச் சிரிப்பாள்.

கணினி நிரலில் பட்டியல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை வயசாளிகள். பூஜ்யம், சோதனைக்காக நான் வைத்த எண். பூமயில் வீட்டு எண். அதற்கு அவள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிப் பதிவு செய்திருந்தாள்.

"ம்மா, நாந்தேன். சோறு தின்னியா? தின்னா ஒண்ணை அமுக்கு."

சோதனை முடிந்ததும் அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. தினமும் முதல் அழைப்பு அவள் வீட்டுக்குப் போனது. பூமயிலின் அம்மா கருத்தம்மாள், மகளின் பதிவு செய்த குரலுக்கு ஒன்றை அமுக்கிவிட்டு, ஆறரை மணிக்கு மகள் வீட்டுக்கு வந்ததும், "ஒருதடவ கேட்டா பத்தாதா ஒனக்கு?" என்று வைவாராம். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

2008 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேவிபட்டினத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. பூமயில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்ததால் வாசலில் வைக்காமல் உள்ளே வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு அழத் தெரியவில்லை. கூட்டத்தில் எங்கே நிற்பது என்பதே எனக்கு எப்போதும் பிரச்சினை.

மாடக்குழியில் இருந்த போன் அடித்தது.

யாரோ துக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெண் எடுத்தாள். பழக்கமில்லாத கை. ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"ம்மா, நாந்தேன். சோறு தின்னியா?"

அழுகை நின்றது. எல்லோரும் முதலில் போனைப் பார்த்தார்கள், பிறகு கீழே கிடந்தவளைப் பார்த்தார்கள்.

"தின்னா ஒண்ணை அமுக்கு."

கணினியை நிறுத்த நான் மறந்திருந்தேன். காலையிலிருந்து அது என் நினைவுக்கே வரவில்லை.

கருத்தம்மாள் எழுந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். மாடக்குழிவரை நடந்து போய் ஒன்றை அமுக்கினார். பிறகு திரும்ப வந்து மகளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வெளியே ஓடினேன். மையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி ஆறரை. பட்டியல் முழுவதும் முடிந்திருந்தது. சாவுக்கு வராமல் வீட்டில் இருந்த வயசாளிகள் எல்லோரையும் பூமயில் முறை வைத்து அழைத்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருந்தாள்.

*

புதன்கிழமை கணினியை ஓட விடவா, நிறுத்தவா என்று மதுரை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் மேடம், "ஒரு நாள்கூட நிக்கக் கூடாதும்மா. யாராவது விழுந்து கிடந்தா என்ன பண்ணுவ? வாய்ஸை டெலீட் பண்ணிட்டு உன் வாய்ஸைப் போடு" என்றார். எனக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூடச் சத்தம் வந்ததில்லை. நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பழையதையே ஓடவிட்டேன்.

முப்பத்தெட்டு வீட்டிலும் எடுக்கவில்லை. இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

பூஜ்யம் மட்டும் முதல் மணியிலேயே எடுத்தது. ஒன்று.

மறுநாள் காலையில் வேல்சாமி அண்ணனும் நானும் வீடு வீடாகப் போனோம். எல்லோரும் நலமாகத்தான் இருந்தார்கள். போன்கள்தான் நலமாக இல்லை. ஒன்றின் குச்சியில் வேப்பங்கொழுந்து சுற்றியிருந்தது. ஒன்றைக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தால் மூடி வைத்திருந்தார்கள். சோணையம்மாள் போனுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றைச் சாத்தி வைத்திருந்தார்.

"அப்பத்தா, அது பதிவு பண்ணுன குரல். ஒங்களுக்குத் தெரியுமே" என்றார் வேல்சாமி அண்ணன்.

"தெரியும்லே. எனக்கென்ன கிறுக்கா?"

"பெறகு ஏன் எடுக்கல?"

"வெளக்கு வைக்கிற நேரத்துல பேரு சொல்லிக் கூப்புட்டா யாராச்சும் மொதத் தடவையே பதில் குடுப்பாகளா? மூணு தடவ கூப்புட்டாத்தேன் மனுசன். ரெண்டோட நிக்கிறது வேற. ஒங்க மிசினு ரெண்டு தடவயோட நின்னுருது."

"முந்தியும் ரெண்டு தடவதேன் கூப்புட்டுச்சு. மொத மணியிலயே எடுத்தீகளே?"

"முந்தி அவ உசுரோட இருந்தா. ஏலே, நீ படிச்சவந்தானே?"

கூத்தையா வீட்டில் சிரிக்க முடியவில்லை. அவர் கருத்தம்மாளின் அண்ணன். பூமயிலுக்குத் தாய்மாமன். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். பட்டியலில் பதினான்காவது எண். போனைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

"கொண்டு போ தாயி. என் கையால பால் தெளிச்சுட்டு வந்து உக்காந்தா போனு அடிக்குது. எடுத்தா, மாமா சாப்புட்டாச்சான்னு கேப்பா. செத்தவளைப் போயி வேல வாங்குறீகளே."

நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று பகல் முழுவதும் என் குரலைப் பதிவு செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, முப்பத்தெட்டுப் பெயர்கள். முறை சொல்லி அழைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. எல்லோரையும் ஐயா, அம்மா என்றே சொன்னேன். நிரலில் ஓரிடத்தில் 2 என்று இருந்ததை 3 என்று மாற்றினேன். அவ்வளவுதான் மாற்றம்.

மாலை முதல் சுற்றில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் முப்பத்தொரு பேர் எடுத்தார்கள்.

"இது யாரு, கெணத்துக்குள்ள இருந்து பேசுறது?" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரி நர்சு மாதிரியில்ல கேக்குறா" என்று சோணையம்மாள் சொல்லிக்கொண்டே ஒன்றை அமுக்கினார். ஆனால் எடுத்தார்கள். ஓர் எண்ணை மாற்றியதால் முப்பத்தொரு பேர் திரும்பி வந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு மனிதரின் பயத்தையும் இப்படிக் கணினியில் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு நான் செய்ததற்கு அந்தச் சந்தோஷமும் ஒரு காரணம்.

பூஜ்யமாவது எண்ணை நான் தொடவில்லை. அதில் பூமயில் குரலே இருந்தது.

*

கருத்தம்மாள் தினமும் ஆறு மணிக்குமுன் ஒரு வாய் சாப்பிடுகிறார் என்று வேல்சாமி அண்ணன் விசாரித்துச் சொன்னார். பக்கத்து வீட்டார் வற்புறுத்தினால் தட்டைத் தள்ளி விடுவாராம். சாயந்தரம் ஐந்தரைக்குத் தானாகவே எழுந்து போய்க் கஞ்சி ஊற்றிக்கொள்வாராம்.

"கேப்பாள்ல. செத்த அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். தெனமும் சொல்ல முடியுமா?" என்றாராம்.

அதனால்தான் அதைத் தொடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அழைப்பு நின்றால் அவர் சாப்பிடுவதும் நின்றுவிடும். கூத்தையா இரண்டு தடவை மையத்துக்கு வந்தார். "எந்தங்கச்சி வீட்டுல அது இன்னும் கூப்புடுதாமே" என்று கேட்டார். "மொத மணியிலயே எடுக்குறாளாம். நல்லாவா இருக்கு?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினாறாம் நாளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் மாலை திரையில் இப்படி வந்தது. பூஜ்யம், எடுத்தது, பதில் இல்லை. எட்டாம் நாளும் அதேதான்.

ஒன்பதாம் நாள் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தேன். பூமயில் பேசி முடித்தாள். பிறகு கருத்தம்மாள் கேட்டார்.

"வலிச்சுச்சா தாயி?"

மோடத்தின் சிறிய ஒலிபெருக்கி. தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"விழுந்தப்ப வலிச்சுச்சா? ஒடனே போயிட்டியா, கெடந்தியா? அதை மட்டும் சொல்லு."

நாற்பதாவது விநாடியில் இணைப்பு அறுந்தது.

அடுத்த நாள் காலையில் வேல்சாமி அண்ணன் வந்ததும் மொபெட்டை நிறுத்தாமலே சொன்னார். "மூணு நாளா ஒண்ணும் எறங்கலையாம். கஞ்சித் தண்ணி குடுத்தாலும் கடைவாயில வழியுதாம். இப்படியே போனா இன்னொரு பாடை கட்ட வேண்டியதுதேன்."

அவர் போனபின் நான் பழைய பதிவுகளைத் திறந்தேன். பூமயில் பதிவு செய்த நாட்களின் முழு ஒலி, வெட்டாமல், மூன்று மணி நேரம் இருந்தது. பெயர்களுக்கு நடுவில் அவள் இருமுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், யாரோ ஜன்னல் வழியாகக் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அடிக்கடி என்னிடம் பேசுகிறாள். "ஏய் சேது, நீயும் ஏதாச்சும் பேசுடி. ஒன் கொரலு ஒண்ணுகூட இதுல இல்ல." அந்த இடங்களில் என் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. காதில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது மணி நேரத்தில் அது கிடைத்தது. மைக்கின் கம்பி உறை கிழிந்து அவளுக்கு மின்சாரம் தட்டிய நாள். 'டப்' என்று ஒரு சத்தம். மைக் கீழே விழுகிறது. பிறகு அவள் குரல்.

"எனக்கு ஒண்ணும் ஆகல."

வெட்டி எடுத்தேன். ஒலி அலையின் இரண்டு முனைகளையும் சரியாகப் பூஜ்யத்தைத் தொடுகிற இடத்தில் வெட்டினால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரியாது. பன்னிரண்டு நிமிட வேலை.

ஆறு மணிக்கு அது போனது.

"ம்மா, நாந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. சோறு தின்னியா? தின்னா ஒண்ணை அமுக்கு."

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு. வெளியே விட்டது கேட்கவில்லை. போனை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அவர் நடந்து போனார். பானை மூடி விழுந்தது. நாற்பது விநாடி முடிந்து இணைப்பு அறுந்தபோது அவர் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. நிரலில் அந்த எண்ணுக்கு மட்டும் மறுபடி அழைக்கச் சொன்னேன்.

முதல் மணி. ஒன்று.

*

பன்னிரண்டாம் நாள் மதியம் கூத்தையா மையத்துக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறைந்துவிடும்.

"பதினாறுக்கு ஐயருகிட்டச் சொல்லி, பங்காளிகளுக்கெல்லாம் சொல்லி விட்டாச்சு. இப்ப எந்தங்கச்சி வேணாங்கிறா."

"ஏன்?" என்றேன்.

"எள்ளும் தண்ணியும் எறைக்கக் கூடாதாம். பேசுற பிள்ளைக்கு எப்படி எறைக்கிறதுங்கிறா. நான் சொன்னேன், கிறுக்கச்சி, அது ரெக்கார்டு, அவ உசுரோட இருந்தப்பவே பேசி வச்சதுன்னு. அதுக்கு அவ சொல்றா, பழசையே சொன்னா ரெக்கார்டுண்ணே, புதுசாச் சொன்னா? நான் கேட்டேன், அவ பதில் சொல்லிட்டாங்கிறா. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாளாம்." அவர் கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ துணியெல்லாம் எடுத்து வெயில்ல போட்டிருக்கா. ராத்திரிக்குக் கதவைத் தாப்பாப் போட மாட்டேங்கிறா. எனக்கே பயமா இருக்கு தாயி. நெசமா அது பேசுதா?"

அறுபது வயதைத் தாண்டிய மனிதர்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னை வையவில்லை. "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அவகிட்டப் போயிச் சொல்லு" என்று எழுந்து போனார்.

நான் போனேன். மையத்திலிருந்து அந்த வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு இடத்தில் நின்று திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

கொடியில் பூமயிலின் சுடிதார்கள் காய்ந்துகொண்டிருந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கருத்தம்மாள் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளைக்கு முன்பு வேல்சாமி அண்ணன் சொன்ன ஆள் மாதிரி இல்லை. முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வா சேது. அவ இன்னும் வரல."

நின்றபடியே சொன்னேன். வார்த்தைகளை அடுக்கத் தெரியாததால், செய்ததைச் செய்த வரிசையில் சொன்னேன். ஒலிபெருக்கியைத் திறந்தேன். நீங்கள் கேட்டதைக் கேட்டேன். பழைய பதிவில் தேடினேன். ஒரு வாக்கியத்தை வெட்டினேன். ஒட்டினேன்.

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து மடித்தார்.

"அவ எப்பச் சொன்னது அது?"

"மைக்ல கரண்ட் அடிச்ச அன்னைக்கு. நான் பயந்துட்டேன். அப்பச் சொன்னா."

"கரண்டு அடிச்சுச்சா?" என்றார். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"லேசாத்தான்."

"கையிலயா?"

"வலது கையில. ரெண்டு விரல்ல."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். மழை விழத் தொடங்கியது. பிறகு, "அதைப் போட்டுக் காட்டு" என்றார்.

தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என்னோடு மையத்துக்கு நடந்தார். பூமயிலின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். வெட்டாத பதிவைப் போட்டேன். 'டப்' என்ற சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியது.

"எனக்கு ஒண்ணும் ஆகல. ஒனக்குத்தேன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஏய், இங்க பாரு, உசுரோடதேன் இருக்கேன்." சிரிப்பு. பெரிய சிரிப்பு, இருமலில் முடிந்தது. "எங்கம்மாகிட்டச் சொல்லிறாதடி. வேலைக்கே விடாது."

நான் நிறுத்தினேன். கருத்தம்மாள் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

"வலிச்சுச்சான்னு நான் கேட்டது அவளை. நீ ஏன் பதில் சொன்ன?"

"நீங்க சாப்பிடல."

"சாப்பிடாட்டி?" என்றார். குரல் உயரவில்லை. "எம்பிள்ளை வாயில நீ பேசுவியா? அவ வாயை நாந்தேன் வாய்க்கட்டுப் போட்டு மூடினேன். அதைத் தெறந்து நீ பேசுவியா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் விரல்களும் அவர் கால் விரல்களும் ஈரத் தரையில் தெரிந்தன.

"பேசணும்னா ஒன் வாயில பேசு" என்றார். எழுந்தார். வாசலில் நின்று, "பதினாறுக்கு அப்புறம் அவளைக் கூப்புட வைக்காத" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

*

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. கூத்தையா முன்னால் நின்று நடத்தினார். ஆண்கள் ஊருணிக்குப் போனார்கள். நான் போகவில்லை. அன்று மாலை பூஜ்யத்திலிருந்து பூமயிலின் ஒலிக் கோப்பை எடுத்தேன். எண்ணை எடுக்க மனம் வரவில்லை. என் குரலை வைக்கத் துணிவு வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டேன்.

பதினேழாம் நாள் ஆறு மணிக்குக் கணினி தொடங்கியது. பூஜ்யம். முதல் மணியிலேயே எடுத்தார்.

கோப்பு இல்லாததால் போக எதுவுமில்லை. மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. ஒலிபெருக்கியைத் திறந்தேன். விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஓர் ஆடு கத்தியது. அவர் மூச்சு மிகப் பக்கத்தில் கேட்டது. முப்பது விநாடி ஆயிற்று. முப்பத்தைந்து.

"ஒலை இப்பத்தேன் வச்சிருக்கேன்" என்றார் கருத்தம்மாள். "செத்த நேரங்கழிச்சுக் கூப்புடு."

இணைப்பு அறுந்தது.

கணினி அடுத்த எண்ணுக்குப் போயிற்று. சோணையம்மாளின் முதல் சுற்று. யாரும் எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி வேக இருபத்தைந்து நிமிடம், வடிக்க ஐந்து நிமிடம். என் ராமநாதபுரம் பஸ் ஆறே முக்காலுக்கு. அதை விட்டேன். மேஜையில் இருந்த சாதாரண போனை எடுத்து, ஏழு மணிக்கு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். எனக்கு அந்த எண் மனப்பாடம்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"தின்னுக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்றார். வாயில் சோறு இருந்தது. மெல்லும் சத்தம் கேட்டது. "நீ பேசு."

என்ன பேசுவது என்று எதையும் யோசித்து வைக்கவில்லை. திரையில் நாளைய வானிலை இருந்தது.

"நாளைக்கு மழை இருக்குன்னு போட்டிருக்கு" என்றேன். "மதியத்துக்கு மேல."

மெல்லும் சத்தம் நின்றது.

"யாரு?" என்றார்.

என் பெயரைச் சொன்னேன். ஊரையும் சொன்னேன். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. மூச்சுகூட இல்லை. இந்த போனில் நாற்பதாவது விநாடியில் அறுத்துவிட எதுவும் இல்லை. காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தட்டில் விரல் உரசும் சத்தம் வந்தது. பிறகு மெதுவாக, மெல்லும் சத்தம்.